மகிழடிச் சத்தியம்

நடக்காமல் போன வாழ்க்கையைப் பற்றிக் கதை எழுதுவது மேல்நாட்டார் கண்டுபிடித்த உத்தி என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். 'அன்று அந்த ரெயிலில் ஏறியிருந்தால்?', 'அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தால்?', 'அப்பா சொன்னபடி வக்கீலுக்குப் படித்திருந்தால்?' என்று தொடங்குகிற கதைகள் நம் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் பாட்டனார் என்று ஹென்றி ஜேம்ஸ் 1908-ல் வெளியிட்ட 'ஜாலி கார்னர்' என்ற கதையைக் காட்டுவார்கள். முப்பத்து மூன்று வருஷம் ஐரோப்பாவில் சுகமாகக் காலம் கழித்துவிட்டு ஒருவன் நியூயார்க்குக்குத் திரும்புகிறான். ஊரிலேயே தங்கியிருந்தால் தான் எப்படிப்பட்ட ஆளாக ஆகியிருப்பான் என்ற நினைப்பு அவனைப் பிடித்து ஆட்டுகிறது. பூர்வீக வீட்டில் இரவெல்லாம் விளக்கை ஏந்திக்கொண்டு, ஆகாமல் போன அந்தத் தன்னையே தேடி அலைகிறான். கடைசியில் பார்த்தும் விடுகிறான். பணம் படைத்த, முகம் சிதைந்த, ஒரு கையில் இரண்டு விரல் இல்லாத உருவம் எதிரே வந்து நிற்கிறது. அவன் மூர்ச்சை போட்டு விழுகிறான்.

அருமையான கதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் கண்ட மற்றொருவன் ஓர் ஆவி. பயமுறுத்திவிட்டுப் போய்விடுகிறது. விழித்துப் பார்த்தால், இத்தனை வருஷம் அவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியின் மடியில் அவன் தலை இருக்கிறது. வாழாத வாழ்க்கை அவனிடம் வந்து கூலி கேட்கவில்லை. வேறு யாருக்கும் அதனால் ஒரு சிராய்ப்பும் இல்லை.

நம்முடைய பழைய கதை ஒன்றில் இதே விஷயம் வருகிறது. ஆனால் அங்கே மற்றொரு வாழ்க்கை ஆவியாக வருவதில்லை. அதற்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு பெண் இருக்கிறாள், கொடுத்த வாக்கு இருக்கிறது, அதை மீறினால் அபராதமும் இருக்கிறது. அந்தக் கதை நடந்த இடம் திருவொற்றியூர். சொன்னவர் குன்றத்தூர்ச் சேக்கிழார். கதாநாயகர் சுந்தரமூர்த்தி நாயனார். ஆனால் கதை அவருடையதுதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பெரிய புராணத்தை நாவல் வாசிக்கிற மாதிரி வாசிக்கலாமா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். சேக்கிழாருக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்த சோழ அரசனின் மனத்தைத் திருப்பத்தான் அவர் இந்தக் காவியத்தைப் பாடினார் என்பது மரபு. மரபு எவ்வளவு உண்மையோ, அதன் கருத்து நியாயமானது. எட்டுப் பெண்களை வரிசையாக மணந்துகொண்டு, எல்லாச் சுகங்களையும் அனுபவித்துவிட்டு, கடைசியில் துறவும் பூண்டு மோட்சத்துக்குப் போகிற சீவகனின் கதைக்கு மணநூல் என்றே ஒரு பெயர் உண்டு. அவனுக்கு எந்த வழியும் விட்டுப்போன வழியல்ல. எல்லா வழியிலும் நடக்கிறான், ஒன்றுக்கும் விலை கொடுப்பதில்லை. கதை கேட்டே பழகிய அப்படிப்பட்ட சபையின் முன்னால்தான் சேக்கிழார் தம் நாயகரை நிறுத்தினார். எட்டு அல்ல, இரண்டே பெண்கள். அந்த இரண்டுக்கே அவர் நாயகரிடம் வாங்குகிற விலையைப் பார்த்தால், போட்டியில் யார் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடும்.

கதை கைலாயத்தில் தொடங்குகிறது. ஆலால சுந்தரர் சிவபெருமானுக்குப் பூப்பறிக்க நந்தவனத்துக்குப் போகிறார். அம்பிகைக்குப் பூப்பறிக்க இரண்டு சேடியர் அங்கே வருகிறார்கள். கமலினி ஒருத்தி, அநிந்திதை ஒருத்தி. ஒரு பார்வை. அவ்வளவுதான் நடந்தது. அவரவர் பூக்கூடையை எடுத்துக்கொண்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். மேல்நாட்டுக் கதாசிரியர் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, 'ஒரு வார்த்தை பேசியிருந்தால்?' என்று அறுபது பக்கம் ஏங்க வைத்திருப்பார். நம் கதையில் தீர்ப்பு உடனே வருகிறது. மனம் போன இடத்துக்குப் போ. தென்னாட்டில் பிறந்து அந்தப் பெண்களோடு வாழ்ந்துவிட்டு வா, என்கிறார் இறைவன். ஆசைப்பட்ட வாழ்க்கையையே தண்டனையாகக் கொடுக்கிற நியாயஸ்தலம் வேறெந்த இலக்கியத்தில் உண்டு என்று எனக்குத் தெரியவில்லை. ஆலால சுந்தரரும் சாமர்த்தியசாலிதான். வழி தவறினால் நீரே வந்து தடுத்து என்னை ஆட்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை கேட்டு வாங்கிக்கொண்டு இறங்குகிறார்.

திருநாவலூரில் ஆதிசைவர் வீட்டில் பிறக்கிறார். தெருவில் தேர் உருட்டி விளையாடுகிற குழந்தையைக் கண்டு ஆசைப்பட்டு, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் பெற்றோரிடம் கேட்டு வாங்கிப்போய் அரண்மனையில் வளர்க்கிறார். ஆக, முதல் அத்தியாயத்திலேயே இவருக்கு இரண்டு வீடு ஆகிவிட்டது. பிறகு கல்யாணம் நிச்சயமாகிறது. புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகள். பந்தல் போட்டாகிவிட்டது, மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அந்த நேரத்தில் கோலூன்றிய கிழப் பிராமணர் ஒருவர் ஓர் ஓலையை நீட்டி, 'இவன் பாட்டன் எனக்கு அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான், இவன் என் ஆள்' என்று வழக்காடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழவர் ஜெயிக்கிறார். கிழவர் யாரென்பது தெரிந்த பிறகு நம்பியாரூரர் பாடத் தொடங்கிவிடுகிறார். ஊர் ஊராகப் போகிறார். கதையும் அவர் பின்னாலேயே போகிறது.

பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்?

அவளைச் சேக்கிழார் மறக்கவில்லை. நம்பியையே நினைத்திருந்து அவளும் எளிதில் சிவலோகம் அடைந்தாள் என்று சொல்லி முடித்துவிடுகிறார். அவளுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. ஊர் மட்டும் அவளை விடவில்லை. அந்தப் புத்தூருக்கு இன்றைக்கும் மணந்தவிர்ந்தபுத்தூர் என்றுதான் பெயர். நடந்த கல்யாணத்தால் பெயர் பெற்ற ஊர்கள் நாட்டில் பல உண்டு. நடக்காத கல்யாணத்தைத் தன் பெயரில் சுமக்கிற ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

திருவாரூரில் பரவையார் கிடைக்கிறார். கைலாயத்துக் கமலினி. உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர். ஆடலும் பாடலுமாகத் தியாகராசர் சந்நிதியில் வளர்ந்தவர். இந்தக் காதலைச் சேக்கிழார் வெகு சந்தோஷமாகச் சொல்கிறார். திருவாரூர் என்றாலே அவருக்குக் கை தாராளமாகிவிடும். நெல் மலையாகக் குவிகிறது, பொன் குளத்திலிருந்து வருகிறது, வீடு நிறைந்திருக்கிறது. விரைந்து கடந்துவிடலாம்.

ஒற்றியூருக்கு வருகிற போது கதையின் சுருதியே மாறுகிறது.

சங்கிலியார் திருவொற்றியூர்க்காரர் அல்ல. செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கிற ஞாயிறு என்ற ஊரில் வேளாளர் குடியில் பிறந்தவர். அப்பா பெயர் ஞாயிறு கிழார். பெற்றோர் கல்யாணப் பேச்சை எடுத்ததும் மயங்கி விழுந்து, சிவனடியார் ஒருவருக்குத்தான் நான் உரியவள் என்று சொல்லிவிடுகிறார். இது தெரியாமல் பெண் கேட்டு ஆள் அனுப்பிய குடும்பத்துக்குக் கேடு வருகிறது. பிறகு யார் கேட்பார்கள்? பெற்றோர் பயந்துபோய், ஒற்றியூரில் ஒரு கன்னிமாடம் கட்டி மகளைக் குடிவைக்கிறார்கள். அங்கே அவருக்கு வேலை, கோயிலுக்குப் பூத்தொடுப்பது. தோழியரோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மாலை கட்டுகிறார். கட்டிய மாலையைக் கொடுக்கத் திரை விலகுகிற அந்தக் கணத்தில் சுந்தரர் பார்த்துவிடுகிறார். மறுபடியும் பூ, மறுபடியும் ஒரு பார்வை. நந்தவனம் கைலாயத்திலிருந்து கடற்கரைக்கு இடம் மாறியிருக்கிறது. மற்றபடி காட்சி அதேதான். இந்த இரண்டு காட்சிகளையும் பெரிய காவியத்தின் இரண்டு தூரக்கோடிகளில் வைத்திருக்கிறாரே, அதைத்தான் நான் கதைத் தொழில் என்பேன்.

அடுத்து நடப்பது தமிழில் உள்ள மிகச் சிறந்த ஹாஸ்யக் காட்சிகளில் ஒன்று. துக்கமான காட்சிகளிலும் ஒன்று. சுந்தரர் நேரே சந்நிதிக்குப் போய், அந்தப் பெண்ணை எனக்குத் தர வேண்டும் என்று கேட்கிறார். இறைவன் சங்கிலியார் கனவில் தோன்றிச் சொல்கிறார். சங்கிலியார் ஆச்சரியமாக வாழ்க்கை தெரிந்த பெண். அடியவர் வேண்டும் என்று தவம் கிடந்தவர்தாம். ஆனாலும், 'அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே' என்கிற பொருள்பட ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவு போதும். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்து தருவான் என்கிறார் இறைவன்.

சுந்தரருக்குச் சத்தியம் செய்ய மனமில்லை. மற்ற ஊர்களுக்கெல்லாம் போய்ப் பாட வேண்டுமே! ஆகவே இறைவனிடம் ஒரு தந்திரம் செய்கிறார். 'நான் சந்நிதியில் சத்தியம் செய்ய வருவேன். அந்த நேரத்துக்கு நீர் சந்நிதியை விட்டுப் போய் மகிழ மரத்தின்கீழ் இருந்துகொள்ளும்.' தோழர் சரியென்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு நேரே சங்கிலியார் கனவுக்குப் போய், 'சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள்' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்! காலையில் தோழியர் அப்படியே கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்கு முகம் எப்படி ஆகியிருக்கும் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். மறுத்தால் கல்யாணம் இல்லை. மரத்தைச் சுற்றி வந்து, பிரியேன் என்று சத்தியம் செய்கிறார்.

இந்த இடத்தில்தான் சேக்கிழார் ஒரு காரியம் செய்கிறார். சிரித்துக்கொண்டிருக்கிற வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சங்கிலியார் ஒரு பக்கமாக மறைந்து நின்று இதைப் பார்க்கிறார். ஜெயித்தவர் அவர், கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. எம்பெருமான் சொன்னதற்காக இவரைச் சத்தியம் செய்ய வைத்து, பாவியாகிய நான் அதைக் கண்ணாலும் பார்க்க நேர்ந்ததே என்று உயிர் சோர்ந்து போகிறார். அதற்கு மேல் சேக்கிழார் விளக்கவில்லை. வாக்கு வாங்கிப் பெறுகிற அன்பில் என்ன குறைகிறது என்பதை அந்தப் பெண் அந்த நிமிஷத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டாள் என்று நான் வாசிக்கிறேன். பிரியமாட்டேன் என்று ஒருவன் சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், பிரிவு அப்போதே அங்கே வந்து நிற்கிறது என்றுதானே அர்த்தம்?

கல்யாணம் நடக்கிறது. சில காலம் போகிறது. வசந்தம் வருகிறது. பொதியமலைத் தென்றல் ஒற்றியூர்க் கடற்கரைக்கு வந்து சேர்கிறது. திருவாரூரின் வசந்த விழா ஞாபகம் வருகிறது. அங்கே பரவையாரின் ஆட்டமும் பாட்டும் ஞாபகம் வருகின்றன. ஆரூர் இறைவனை இன்னும் எத்தனை நாள்தான் பிரிந்திருப்பேன் என்று சுந்தரர் பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது. பதிகத்தின் ஏக்கம் இறைவனைப் பற்றியது. அதற்குள் பரவையாரையும் சேர்த்துப் படித்தவர் சேக்கிழார். மனுஷனுக்கு ஒரு ஞாபகம் தனியாக வருவதில்லை, ஊர், வாசனை, பாட்டு, பெண் எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒற்றியூரிலும் தியாகராசர் இருக்கிறார். ஆரூர்ப் பெயரிலேயே இருக்கிறார். சாமிக்காகத்தான் போனார் என்றால் போயே இருக்க வேண்டாமே என்று வாசகர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகிறது.

அந்த எல்லை எதுவோ நமக்குத் தெரியாது. இன்று அந்தப் பக்கத்துச் சாலைகளில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெயினர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன; மெட்ரோ ரெயிலுக்குத் தேரடியின் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் ஆகிவிட்டது. ஆனால் இந்தக் கதையின் ஸ்திதி அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1946-ல் பொம்மைப் பலூன் செய்கிற கொட்டகையாக ஆரம்பித்துப் பிற்பாடு பெரிய டயர் கம்பெனியாக வளர்ந்த எம்.ஆர்.எப்., 1948-ல் எண்ணூரில் எழுந்த மோட்டார்த் தொழிற்சாலை, 1955-ல் திருவொற்றியூரில் வந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, ராயபுரத்தை ஒட்டிய துறைமுகம் என்று பிழைப்பு அங்கே அடுக்கடுக்காக வந்து சேர்ந்தது. பிழைப்பைத் தேடித் தென்னாட்டிலிருந்து வந்த ஆண்களும் சேர்ந்தார்கள். ஊரில் ஒரு வீடு, இங்கே ஒரு வாடகை அறை. பங்குனி பிறந்தால் ஊர்த் திருவிழா ஞாபகம். சிலருக்கு இங்கேயே இன்னொரு குடும்பமும் அமைந்துவிடும். தென்றல் அடிக்கிற மாதத்தில் மனம் இரண்டுபட்ட ஆண்பிள்ளையை ஒற்றியூர்த் தெருக்கள் நன்றாக அறியும். அவனுக்குக் கண் போகாது. சம்பளம்தான் இரண்டாகப் பிரியும்.

சுந்தரர் குருடராக நடக்கிறார். திருமுல்லைவாயிலில் பாடுகிறார், சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவரே என்று அந்தப் பதிகத்தில் வெளிப்படையாகவே சொல்கிறார். இது சேக்கிழாரின் கற்பனையல்ல, சுந்தரரின் சொந்த வாய்மொழி என்பதற்காகச் சொல்கிறேன். திருவெண்பாக்கத்தில், 'கோயிலுக்குள் இருக்கிறீரா?' என்று கேட்டதற்கு, இருக்கிறோம், நீர் போய்வாரும் என்று பதில் வருகிறது. கூட ஒரு ஊன்றுகோலும் கிடைக்கிறது. கண் கேட்டவருக்குக் கோல்! அந்த வெண்பாக்கம், கொசஸ்தலையாற்றை மறித்து 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் முழுகிப்போயிற்று. கோயிலைப் பெயர்த்து மேட்டில் கட்டியிருக்கிறார்கள். அந்த ஆறுதான் கீழே ஓடிவந்து எண்ணூரில் கடலில் விழுகிறது. காஞ்சிபுரத்தில் இடக்கண் வருகிறது. திருவாரூரில் வலக்கண்.

கண் வந்துவிட்டது, வீடு வரவில்லை. பரவையாருக்கு விஷயம் எட்டிவிட்டது. ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். சமாதானம் சொல்ல வந்தவர்களிடம், இன்னும் பேசினால் உயிரை விடுவேன் என்கிறார். சுந்தரர் வேறு வழியில்லாமல் நடுராத்திரியில் தோழரைத் தூது அனுப்புகிறார். சிவபெருமான் கோயில் குருக்கள் வேஷத்தில் தெருவில் நடந்து போய்க் கதவைத் தட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புகிறார். இரண்டாம் முறை சொந்த வடிவத்தில் போகிறார். அப்புறம்தான் கதவு திறக்கிறது. பரவையாரின் கோபத்துக்கு இத்தனை பாட்டு, இத்தனை நடை, இத்தனை ராத்திரி!

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துச் சுருக்கங்களில் இதைச் சொல்வதில்லை. சங்கிலியார் கல்யாணம், கண் போனது, பரவையார் ஊடல், நள்ளிரவுத் தூது எல்லாவற்றையும் சேக்கிழார் எந்தப் புராணத்தில் வைத்திருக்கிறார்? சுந்தரர் பெயரில் உள்ள பகுதியில் அல்ல. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில். நானூறு பாட்டுக்களைத் தாண்டுகிற அந்தப் புராணத்தில் பெரும்பங்கு சுந்தரர் கதைதான். ஏயர்கோன் யார்? ஒரு பெண்பிள்ளையிடம் தூது போக ஆண்டவனை ஏவினானாமே, அவனும் ஒரு தொண்டனா என்று கொதித்தவர். சூலை நோய் வந்து துடித்தபோதுகூட, அவன் வந்து தீர்க்க வேண்டுமென்றால் அந்த உயிரே வேண்டாம் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். பிறகு இருவரும் நண்பர்களானார்கள் என்பது வேறு. நான் சொல்வது, நாயகரின் குற்றத்தைக் குற்றம் சாட்டுகிறவரின் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்துச் சொல்கிற துணிச்சலை. இந்தக் காலத்து நாவலாசிரியர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது? நம் நாயகன் தப்புச் செய்தால், அதை மன்னிக்கிற அம்மாவின் வாயாலோ நண்பனின் வாயாலோதான் சொல்ல வைக்கிறோம்.

இவ்வளவு நியாயம் தெரிந்தவர் சங்கிலியார் விஷயத்தில் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. சுந்தரர் எல்லையைத் தாண்டியதும் கதை அவரோடு போய்விடுகிறது. கன்னிமாடத்தின் பக்கம் திரும்புவதில்லை. பரவையாருக்குக் கோபப்பட ஒரு வாசலும் அடைக்க ஒரு கதவும் கொடுத்தவர், சங்கிலியாருக்கு அழ ஒரு பாட்டுக்கூட ஒதுக்கவில்லை. கணவன் கண்ணிழந்தது அவர் காதுக்கு எட்டிற்றா? எட்டியிருந்தால், மகிழடியில் ஒளிந்து நின்று வருந்திய அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்? கண்ணைப் பறித்தது அவருடைய சாபம் அல்ல. அவர் கேட்டது சத்தியம் மட்டும். அதுகூடக் கனவில் சொல்லிக்கொடுத்தபடி கேட்டது. ஆனால் பேர் அவருடையது. சங்கிலிக்காகக் கண் போயிற்று என்றுதான் பதிகமும் சொல்கிறது.

இதைக் காவியத்தின் குறை என்று சொல்வதா? பக்தி நூலில் அதற்கு இடமில்லை என்று சமாதானம் சொல்லிவிடலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஹாஸ்யத்துக்கும் ஊடலுக்கும் இடமிருக்கிற நூலில் இதற்கு மட்டும் ஏன் இடமில்லை? குறைதான் என்று சொல்வேன். ஆனால் தெரியாமல் வந்த குறை அல்ல. புத்தூர்ப் பெண்ணையும் சங்கிலியாரையும் சேர்த்துப் பாருங்கள். நாயகர் போகாத வழியில் ஒருத்தி. போய்த் திரும்பிய வழியில் ஒருத்தி. அவர் வழி மாறுகிற ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். 'வேறு விதமாக வாழ்ந்திருக்கலாமே' என்கிற ஏக்கம் நடக்கிறவனுக்குத்தான் உண்டு. நிற்கிறவளுக்கு எந்த வேறு வாழ்க்கை? சேக்கிழார் இதைப் பார்த்தார், மகிழடியில் ஒரு பாட்டில் காட்டினார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கவே தெரியாதவர் என்றால் அந்த ஒரு பாட்டு வந்திருக்காது.

அவர் மூடிய இடத்தைத் தமிழ்க் கதை திறக்க வெகு காலம் ஆயிற்று. 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் காரில் ஏறி ஏமாந்து வந்த பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று முடித்துவிடுகிறாள். வாசகர்கள் கொந்தளித்தார்கள். ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தாய் வாயை மூடாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் 1970-ல் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. அந்த நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் வருகிறார். அவர் எழுதிய கதையைக் கங்கை படிக்கிறாள். தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய மற்றொரு வாழ்க்கையை, அச்சடித்த கதையாக, படித்து உத்தியோகம் பார்க்கிற தன் தனி வாழ்க்கையின் நடுவில் உட்கார்ந்து படிக்கிறாள்! ஹென்றி ஜேம்ஸின் கனவான் தேடிப்போய்ப் பார்த்ததைக் கங்கை பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறாள். மூர்ச்சை போட அவளுக்கு நேரமில்லை. நாவலின் பிற்பகுதியைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு; பேச்சு அதிகம். ஆனால் நின்ற இடத்தில் நின்றவளுக்கு 'இப்படி நடந்திருந்தால்' என்று கேட்கிற உரிமையைக் கொடுத்த நாவல் அது. அந்த உரிமையைச் சங்கிலியாருக்குக் கொடுத்து எழுதிய தமிழ் நாவல் ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. எழுத எல்லாம் தயாராக இருக்கிறது. கடற்கரையும் கன்னிமாடமும் இருக்கின்றன. கண் போன செய்தியை ஏந்தி யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டியதுதான்.

ஒற்றியூர் ஊரார் சங்கிலியாரை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோழர் காலத்தில், இரண்டாம் இராசாதிராசன் நாளில், அரசனே மகிழ மரத்தடியில் உட்கார்ந்து ஆளுடைய நம்பியின் புராணத்தைக் கேட்டதாகக் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. சேக்கிழார் காலத்துக்கு அதிகம் பிற்பட்டதல்ல அது. மரத்தடியில் சத்தியம் செய்த கதையை அந்த மரத்தடியிலேயே கேட்பது! இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை சுந்தரரை மரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பிரியேன் என்று சொல்ல வைக்கிறார்கள்.

சேக்கிழாரும் கடைசியாக ஒரு முறை அவர் பெயரை எடுக்கிறார். வெள்ளானைச் சருக்கத்தில், திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளை யானைமேல் கைலாயம் போகிறார். பரவையார் மறுபடி கமலினி ஆகிறார், சங்கிலியார் மறுபடி அநிந்திதை ஆகிறார். இருவரும் பழையபடி அம்பிகையின் பணிக்குத் திரும்பினார்கள் என்று ஒரு பாட்டில் சொல்லி முடிக்கிறார். கைலாயத்தில் அநிந்திதைக்குப் பூப்பறிக்கிற வேலை. ஒற்றியூரில் சங்கிலியாருக்குப் பூத்தொடுக்கிற வேலை. திரும்பிப் போனதும் மறுபடி பூக்கூடை. சுந்தரர் போய்விட்ட பிறகு ஒற்றியூரில் அவர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்பதற்குச் சேக்கிழார் விட்டுவைத்திருக்கிற குறிப்பு இவ்வளவுதான்.